நிற்கும்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், சண்டை போடுகிறோம், ஆகவே சௌக்கியம்தான். எனக்கு மட்டும் கழுத்தில் பிடிப்பு. நாள் முழுக்கக் கோர்ட்டில் தலையைக் குனிந்து மற்றவர்கள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தால் கழுத்து வேறு என்ன செய்யும். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விடச் சொல்வார். உன் இருமல் எப்படி இருக்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். நீ கூட்டிக்கொண்டு வந்து காட்டிய மாப்பிள்ளை வந்து போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார், அப்பா சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு வீட்டிலும் பேசி முடித்து ஜூனில் கல்யாணம் என்றும் ஆயிற்று. அதன் பிறகு அப்பாவுக்கு மூன்று வரியில் ஒரு கடிதம் வந்தது. எனக்கு ஒரு வரிகூட இல்லை.

அவர் என்னதான் வேலை பார்க்கிறார் என்று அப்பாவைக் கேட்டேன். "ஆராய்ச்சி" என்றார். என்ன ஆராய்ச்சி என்றேன். "பெரிய ஆராய்ச்சிம்மா" என்றார். ஒரு சாட்சி இப்படிப் பதில் சொன்னால் எங்கள் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிடுவார்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று சொல்லாதே. போன தடவை என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பத்திரிகை அடித்து, பாதிப் பேருக்குக் கொடுத்த பிறகு கல்யாணம் நின்றது. கொடுத்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போய், வர வேண்டாம் என்று சொன்னது நானும் அப்பாவும்தான். மிச்சப் பத்திரிகைகளைத் தூக்கிப் போட அப்பாவுக்கு மனசு வரவில்லை. கெட்டித் தாள், பின்பக்கம் வெள்ளை, வீணாக்குவானேன் என்று கடைக்குக் கொடுக்கும் சீட்டெல்லாம் அதில்தான் எழுதுகிறார். வீட்டில் வேறு தாள் இல்லாததால் இந்தக் கடிதமும் அதன் முதுகில்தான் வருகிறது. திருப்பிப் பார்க்காதே.

இப்போது அப்பா மறுபடியும் அச்சகத்துக்குப் போகத் துடிக்கிறார். அதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த மனுஷனுக்கு இதில் இஷ்டம் இருக்கிறதா, இல்லை உன் தொல்லை தாங்காமல் தலையாட்டினாரா? நீயும் அதே நிறுவனத்தில்தான் இருக்கிறாய், தினமும் அவரைப் பார்க்கிறாய். இன்னொரு தடவை வீடு வீடாகப் போய் வர வேண்டாம் என்று சொல்ல என்னால் ஆகாது. ஒளிக்காமல் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

&nbsp;

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இருமல் போய்விட்டது, அந்த இடத்துக்குத் தும்மல் வந்திருக்கிறது. மெஷின் ரூம் குளிர் அப்படி. கம்ப்யூட்டர்களுக்கு உடம்பு சூடாகக் கூடாது என்று எங்களை உறைய வைக்கிறார்கள். உன் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அப்பா முழங்கால் எப்படி? கடிதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அவரை இங்கே எல்லாரும் கேள்விக்குறி என்றுதான் சொல்வோம். நல்ல உயரம், நின்றால் மேல்பாதி வளைந்து இருப்பார், காலடியில் புள்ளி மாதிரி ஒரு சின்னப் பை. அவர் வாயில் அடிக்கடி வருவதும் "கேள்வியே சரியில்லையே" என்பதுதான். கேன்டீன்காரர் டீயா காபியா என்று கேட்டால்கூட அதைத்தான் சொல்வார். மற்றபடி தங்கமான மனுஷன்.

அவர் வேலையை உன் கோர்ட்டை வைத்தே சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை ஓடவிட்டால் சிலது வேலையை முடித்து நிற்கும். சிலது நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் புரோகிராமைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் "இது நிற்கும்", "இது நிற்காது" என்று ஓடவிடுவதற்கு முன்னாலேயே தவறாமல் தீர்ப்புச் சொல்ல இன்னொரு புரோகிராம் எழுத முடியுமா? அதற்கு ஜட்ஜ் என்று பேர் வைத்துக்கொள்.

முடியாது என்று எப்போதோ நிரூபித்துவிட்டார்கள். அப்படி ஒரு ஜட்ஜ் இருந்தால் அவரை உள்ளே வைத்தே ஒரு வம்புக்காரனைச் செய்யலாம். அவன் ஜட்ஜிடம், "நான் நிற்பேனா?" என்று கேட்பான். நிற்பாய் என்றால் நிற்காமல் ஓடுவான். நிற்க மாட்டாய் என்றால் அங்கேயே நின்றுவிடுவான். ஜட்ஜ் எதைச் சொன்னாலும் தப்பு. ஆகவே தவறாத ஜட்ஜ் என்று ஒருவர் இருக்க முடியாது.

உலகம் ஒத்துக்கொண்ட இந்த விஷயத்தை நம் ஆள் ஆறு வருஷமாக ஒத்துக்கொள்ளவில்லை. ஜட்ஜ் மேல் குற்றமில்லை, கேள்விதான் கோணல் என்கிறார். கல்யாணமே ஆகாதவனைக் கூண்டில் ஏற்றி, "பெண்டாட்டியை அடிப்பதை நிறுத்திவிட்டாயா, ஆமா இல்லை என்று மட்டும் சொல்" என்றால் அவன் எதைச் சொல்வான்? அந்த மாதிரிக் கேள்விதான் இதுவும் என்பது அவர் கட்சி. ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார். அது வெளிவந்தால் வேலை நிரந்தரமாகும். வராவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

கல்யாணப் பத்திரிகைக்கு அவசரப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

அப்பா முழங்கால் பரவாயில்லை. என் கழுத்து அப்படியேதான் இருக்கிறது. கழுத்தைப் பற்றி ஒரு கேள்வி. நேற்று உன் கேள்விக்குறியிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில், "உங்கள் மகளின் கழுத்து வலி குறைந்ததா?" என்று எழுதியிருக்கிறார். வீட்டிலேயே யாருக்கும் தெரியாத வலி அது. அப்பா என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரம் விசாரித்தார். நான் உனக்கு எழுதுவதெல்லாம் அவருக்குப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

போனால் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் தெரிந்தால் வேறு மாதிரி எழுதுவேன்.

அடுத்தது, அவசரப்பட வேண்டாம் என்று எதற்கு எழுதினாய்? கோர்ட்டில் அவகாசம் கேட்கிற வக்கீல்களை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். கையில் சரக்கு இருப்பவன் அவகாசம் கேட்பதில்லை.

அவர் ஆராய்ச்சியைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பெண்டாட்டி கேள்வியை எங்கள் வக்கீல் ஒருவர் நிஜமாகவே ஒரு பிரம்மச்சாரியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார், அது தெரியும். உன் வம்புக்காரனை மட்டும் பிடித்திருக்கிறது. அப்பாவைக் கேட்டால் அது நான்தான் என்பார். சாப்பிட வா என்றால் பசியில்லை என்பேன், சரி வேண்டாம் என்றால் தட்டை எடுத்து வைப்பேன் என்று புகார்.

ஆனால் ஒன்று. கடிதம் முழுக்க நிற்கும், நிற்காது என்று எழுதியிருக்கிறாய். நிற்கும் என்றால் நிலைத்து நிற்குமா, நின்று போகுமா? போன வாரம் ஒரு விபத்து வழக்கில் சாட்சி, "வண்டி அங்கதான் நின்னுச்சு" என்றார். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததா, ஓடி வந்து அப்போதுதான் நின்றதா என்று இரண்டு வக்கீலும் சாயங்காலம்வரை மல்லுக்கட்டினார்கள். என் நோட்டில் பக்கம் பக்கமாக நின்றதுதான் இருக்கிறது. உங்கள் பெரிய ஆராய்ச்சியில் முதலில் அந்த வார்த்தைக்கு ஓர் அர்த்தம் வையுங்கள், அப்புறம் கேள்வி கோணலா நேரா என்று பார்க்கலாம்.

தும்மலுக்கு மாத்திரை வாங்கிப் போடு.

அக்கா

&nbsp;

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. மெஷின் ரூமில் வேலை அதிகம். உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுத்து விஷயம் பேச்சுவாக்கில் வாய் தவறி வந்துவிட்டது, மன்னித்துக்கொள்.

வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாய். நியாயம். உனக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். இனி என் கடிதத்தில் நிற்கும் என்று எழுதினால் ஓட்டம் ஓய்ந்தது, ஆட்டம் முடிந்தது, கதை அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள். வேறு அர்த்தம் கிடையாது. கோர்ட் முத்திரை வைத்துக் கொடுத்த மாதிரி வைத்துக்கொள்.

பத்திரிகை எப்போது அடிக்கலாம் என்று நீ தேதி கேட்பாய் என்று தெரியும், அதற்கு முன் ஒன்று சொல்கிறேன். ஒரு புரோகிராம் நிற்குமா என்று தெரிய எங்களுக்கு இருக்கிற பொது வழி ஒன்றுதான். ஓடவிட்டு உட்கார்ந்து பார்ப்பது. நின்றால் தெரிந்துவிடும். நிற்காவிட்டால்தான் வம்பு. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். பார்த்த நேரத்தை வைத்து இனி நிற்காது என்று ஒருநாளும் முடிவு கட்ட முடியாது. அணைத்துவிட்டுப் போனால், அடுத்த நிமிஷமே நின்றிருக்குமோ என்று மனசு அரிக்கும். நான் பார்க்கிற வேலையில் பாதி அந்த அரிப்புதான்.

அதனால் இன்னும் கொஞ்சம் பொறு. அவர் கொஞ்சம் சிரமத்தில் இருக்கிறார், வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது, இருந்த ஒரு குடையும் ஒடிந்துவிட்டது. இப்போது அறை முழுக்க ஈரத் துணி.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

&nbsp;

மார்ச் 15

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம் என்றே வைத்துக்கொள்.

உன் கடிதத்தை வாக்குமூலம் படிக்கிற மாதிரி மூன்று தடவை படித்தேன். நாங்கள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்கிறாய். அந்த நாங்கள் யார்? உன் அறை எனக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், துணி காயப்போட ஒரு கயிறு. நீ ஒருவன் நனைந்தால் அறை முழுக்க ஈரத் துணி எப்படி வரும்? கல்யாணம் பண்ணாமலே குடித்தனம் ஆரம்பித்திருந்தால் சொல்லிவிடு, அப்பாவிடம் பக்குவமாகப் பேசுகிறேன். உன் விஷயமாக இருந்தால் எனக்குக் கோபமில்லை.

என் விஷயமாக இருந்தால் கோபம் உண்டு. ஏனென்றால் இன்னொரு சமாச்சாரம். வெட்கத்தை விட்டு, பிப்ரவரிக் கடைசியில் அவருக்கே நேராக ஒரு கடிதம் எழுதினேன். நிறுவனத்துக் குடியிருப்பு விலாசம்தான், நீ கொடுத்தது. அது நேற்றுத் திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல், "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. ஆள் இல்லை என்றால் எங்கே போனார்? தினமும் பார்க்கிற உனக்குத் தெரியாதா? தெரிந்தும் எழுதவில்லையா?

சிரமம் என்று எழுதினாய். என்ன சிரமம், யாரால் சிரமம்? வேறொருத்தி இருக்கிறாளா? இஷ்டம் இல்லையா? என்னை இங்கே ஓடவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கிறீர்களா?

மாதக் கடைசிக்குள் சொன்னால்தான் அச்சடிக்க முடியும் என்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். அப்பா எழுத்து மாதிரியெல்லாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார். சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உடனே எழுது.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 6

தம்பிக்கு,

பதில் இல்லை. உயிரோடு இருப்பாய் என்று நம்புகிறேன். அச்சகக்காரரிடம் இன்னும் மூன்று வாரம் தவணை கேட்டு வாங்கியிருக்கிறோம்.

இத்துடன் ஒரு கார்டு இருக்கிறது. பழைய பத்திரிகையில் வெட்டியதுதான். கேள்வியை எழுதியிருக்கிறேன். அடியில் ஒரே வார்த்தையில் பதில் எழுதி அனுப்பு. விளக்கம் எழுதினால் படிக்காமல் கிழித்துவிடுவேன்.

இந்தச் சம்பந்தம் நிற்குமா?

அக்கா

&nbsp;

ஏப்ரல் 14

நிற்கும்.

&nbsp;

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நலம். கார்டு கிடைத்தது.

கோர்ட்டில்தான் பிரித்தேன். கூண்டில் ஒரு சாட்சி பேசிக்கொண்டிருந்தார், என் கை அதுபாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது பார்த்தால் பாதிப் பக்கம் எனக்கே வாசிக்க வரவில்லை. இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் சொன்னாயே, அதற்கு நன்றி. ஒப்பந்தப்படி ஒரே அர்த்தம் வரும் வார்த்தையாகவும் எழுதினாய், அதற்கும் நன்றி. ஓட்டம் ஓய்ந்தது, ஆட்டம் முடிந்தது, கதை அவ்வளவுதான். உன் மார்ச் கடிதம் என்னிடம் இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எழுத்து மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்தில் திருப்பிக் கொடுக்கப் போனார். அது பக்கத்துத் தெரு, வர வெகு நேரமாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்காக நம்மிடம் பேசி முடித்த அவர் அண்ணனுக்கும் அன்றே எழுதிப் போட்டோம். எங்களுக்கு இதைத் தொடர இஷ்டமில்லை என்று மரியாதையாகத்தான் எழுதினேன். அவர்கள் நிறுத்தியதாக இருப்பதைவிட நாம் நிறுத்தியதாக இருக்கட்டும். இந்தத் தடவை அந்த ஒன்றாவது எனக்கு மிஞ்சட்டும்.

ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். டீயைக் குடிக்காமல் ஆறவிட்டபோதே தெரியும். தெரிந்தும் ஜூன் மாதத்துக்கு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன் பார், அதுதான் வலிக்கிறது.

நீ வருத்தப்படாதே. உன் மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நாள் எழுதாதே.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 29

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் இல்லை. எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கிழித்துவிடாதே.

நான் எழுதியது நிலைத்து நிற்கும் என்கிற அர்த்தத்தில். நீ சம்பந்தம் நிற்குமா என்று கேட்டாய், நம் வீட்டில் பேசுகிற மாதிரி. நானும் நம் வீட்டில் பேசுகிற மாதிரி நிற்கும் என்றேன். அந்த ஒப்பந்தம் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிற்று. விளையாட்டாக எழுதியது அக்கா. நீ முத்திரை வைத்துப் பூட்டி வைத்திருப்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே ஒப்பந்தப்படி பார்த்தால் உன் கேள்விக்கும் முடிந்துபோகுமா என்றுதானே அர்த்தம்? நீ அப்படியா கேட்டாய்?

அந்த நாங்கள் யார் என்று கேட்டாய். பெண் இல்லை. அவர்தான். பிப்ரவரி கடைசியில் தன் கட்டுரையைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாகச் சொன்னது தப்பு என்று ஒரு நாள் காலையில் அவருக்கே தெரிந்துவிட்டது. மூடி மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. போய்ச் சொல்லிவிட்டார். வேலை போயிற்று, வேலையோடு குடியிருப்பும் போயிற்று. என் அறையில்தான் இருக்கிறார், ஜன்னல் பக்கம் தரையில் படுக்கிறார். "வேற வேலை கெடைக்கட்டும். அதுவரைக்கும் வீட்ல சொல்லாதீங்க. அப்புறம் நானே எழுதறேன்" என்றார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், உண்மையை எழுத வாய் கட்டியிருந்தது, அதனால்தான் மார்ச்சில் நீ கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

உன் கார்டு வந்தபோது அவரிடமே நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் படித்தார். வேலையில்லாதவன் என்ன சொல்வது என்று யோசித்தாரோ என்னவோ. அப்புறம், "நிற்கும்னு எழுதுங்க. நான் நிக்க வைக்கிறேன்" என்றார். எழுதினேன்.

உன் முடிவைச் சொல்லி அவர் அண்ணனிடமிருந்து கடிதம் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. கார்டில் எழுதிய வார்த்தையை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று சொன்னதும்தான் கொஞ்சம் சிரித்தார். "ஆறு வருஷமா நான் தேடின கோணல் கேள்வி உங்க அக்கா கார்டுல இருந்திருக்கு" என்றார். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னைத் திட்டு. அவரைத் திட்டாதே.

தம்பி

&nbsp;

மே 5

வணக்கம்.

அன்புள்ள என்று தொடங்க எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியாததால் இப்படித் தொடங்குகிறேன். உங்கள் கழுத்து வலி இப்போது எப்படி இருக்கிறது? போன தடவை இதைக் கேட்டு உங்களை மாட்டிவிட்டேன்.

நான்தான். உங்கள் தம்பி சொல்லும் கேள்விக்குறி. நீங்கள் அவருக்கு எழுதிய கடிதங்களை அவர் படிக்க, நான் கேட்டிருக்கிறேன். முதலில் அவர் ஆசையாகப் படித்துக் காட்டினார். பிறகு நானே, அக்கா கடிதம் வந்ததா என்று கேட்க ஆரம்பித்தேன். அது தப்பு. ஆனால் உங்களை எனக்குத் தெரிந்தது அந்தக் கடிதங்களில்தான். அன்றைக்கு உங்கள் வீட்டில் பயத்தில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. உங்கள் அப்பா தந்த டீ எதிரில் ஆறிப்போன பிறகுதான் ஞாபகம் வந்தது, அதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

என் வேலை போனதைச் சொல்லாமல் மறைத்தேன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி. எதைச் சந்தேகப்பட்டீர்களோ அதில்தான் கொஞ்சம் பிசகு.

எதில் தோற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகாதவனிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு அவனாலும் பதில் சொல்ல முடியாது, வேறு யாராலும் முடியாது. அதில் ஆமா என்றாலும் தப்பு, இல்லை என்றாலும் தப்பு. வம்புக்காரன் அப்படி இல்லை. ஜட்ஜ் ஏதோ ஒன்றைச் சொன்னதும் அவன் ஓடுவான் அல்லது நிற்பான், இரண்டில் ஒன்று நடந்தே தீரும். ஜட்ஜ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலிகூட அது எது என்று சொல்லிவிடலாம். ஜட்ஜின் வாயால் மட்டும் வராது. டவாலியைக் கொண்டுபோய் ஜட்ஜ் நாற்காலியில் உட்காரவைத்தால் அவருக்கென்று இன்னொரு வம்புக்காரன் முளைப்பான். பதிலே இல்லாத கேள்வி வேறு. பதில் இருந்தும் ஒருவரால் சொல்ல முடியாமல் போவது வேறு. கேள்வி நேராகத்தான் இருந்தது. சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று ஒத்துக்கொள்ள எனக்குத்தான் மனசில்லை.

நம் விஷயமும் இப்படித்தான் ஆயிற்று. நீங்கள் தம்பியைக் கேட்டீர்கள், உங்கள் அப்பா என் அண்ணனைக் கேட்டார். அவர்கள் வாயால் சொல்லக்கூடிய பதிலா இது? என்னைக் கேட்டு நீங்கள் ஒரு கடிதம் எழுதினீர்கள், அது திரும்பிவிட்டது. நான் உங்களை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஜூன் முதல் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுக்கப் போகிறேன். சின்ன வேலை. வீடு இனிமேல்தான் தேட வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒரே அர்த்தம் வரும்படி எழுதப் பார்க்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?

உங்கள் அப்பாவின் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்தால் பரவாயில்லை.

கேள்விக்குறி

&nbsp;

மே 19

அன்புள்ள என்றே தொடங்குகிறேன். யாராவது ஒருவர் தொடங்க வேண்டும்.

கழுத்து பரவாயில்லை. அப்பா நடக்கிறார். உங்கள் கடிதம் வந்ததை அவரிடம் சொல்லவில்லை, ஆனால் உறையைப் பார்த்துவிட்டார். பார்க்காதவர் மாதிரி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. அது சட்டென்று போகிற சரக்கில்லை. வேலை போனதை மறைத்தவர் நாளைக்கு வேறு எதை மறைப்பார் என்று ஒரு பக்கம் கேட்கிறது. தப்பு என்று தெரிந்ததும் ஆறு வருஷத்தைத் தானே போய்த் திருப்பிக் கொடுத்தவர் எதை மறைக்கப் போகிறார் என்று இன்னொரு பக்கம் கேட்கிறது. என் மனசுக்குள் இரண்டு வக்கீல்களும் நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வம்புக்காரன் நீங்கள் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்தேன். தம்பி நிற்கும் என்று எழுதினான். அதைப் படித்த கையோடு நான் நிறுத்தினேன். அவன் நிற்காது என்று எழுதியிருந்தால், ஏன் நிற்காது என்று கேட்டு உடனே கிளம்பி வந்திருப்பேன். ஆகவே என்னைப் பற்றி யாரிடமும் முன்கூட்டி விசாரிக்காதீர்கள். சொல்லுகிறவர் பாவம்.

நானும் உங்களைப் பற்றி இனி யாரையும் கேட்க மாட்டேன். நீங்கள் வந்தால் தெரிந்துவிடும். வராவிட்டால் ஒருநாளும் தெரியாது, ஒவ்வொரு நாளும் நாளைக்கு வருவார் என்று தோன்றும். தம்பி இதை மார்ச்சில் எழுதியபோது மெஷினைப் பற்றி எழுதுகிறான் என்று நினைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் ஜூன் விடுப்பை நான் ரத்து செய்யவில்லை.

உங்கள் கேள்வி நேராகத்தான் இருக்கிறது. அதற்குப் பதிலும் இருக்கிறது, ஒரே வார்த்தை, ஒரே அர்த்தம். ஆனால் எங்கள் கோர்ட்டில் எழுதி அனுப்பினால் எடுபடாது. ஆள் நேரில் வர வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் வந்து நில்லுங்கள், சொல்கிறேன். இந்தத் தடவை டீயைச் சூடாகக் குடியுங்கள்.

இந்தக் கடிதம் கடையில் புதிதாக வாங்கிய தாள். திருப்பிப் பார்க்கலாம்.